பட்டர்வொர்த் கப்பல் புகை விண்ணிலிருந்து தெரியுமா?

கேள்வி: பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்துக்கு வரும் கப்பல்களின் புகையைச் செயற்கைக்கோள் படத்தில் தேடினேன். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனும் எதிர்க்கரையின் பட்டர்வொர்த்தும் சேர்ந்து ஒரே சிவப்புத் திட்டாகத்தான் தெரிகின்றன. கப்பல் புகையைப் பிரித்துப் பார்க்க வழி உண்டா?
— வாசகர், பாகான் ஆஜாம்

பதில்: அந்த இடத்தில் பிரிக்க முடியாது. 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவிக்கு ஒரு கட்டம் (படத்தின் ஒரு புள்ளி, பிக்சல்) என்பது 5.5 x 3.5 கிலோமீட்டர். பினாங்குத் தீவு முழுவதும் சுமார் 15 கட்டங்களில் அடங்கிவிடும். ஃபெரி கடக்கும் நீரிணையின் அகலமோ ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான். கப்பல், பாலத்து வாகனங்கள், பிறை நகரின் தொழிற்சாலைகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கலந்துவிடுகின்றன.

கருவி கரும்புகையைப் பார்ப்பதும் இல்லை. எஞ்சினிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு காற்றிலுள்ள ஓசோனுடன் சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடாகும். அது நீல ஒளியை உறிஞ்சும். திரும்பி வரும் வெயிலில் அந்த நீலம் எவ்வளவு குறைந்தது என்பதே அளவீடு.

கப்பல் தடத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் மேற்கே போங்கள். இலங்கையின் தேவேந்திரமுனையிலிருந்து சுமத்ராவின் வடமுனை வரை கப்பல்கள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் செல்கின்றன. குறுக்கே நகரம் எதுவும் இல்லை. கூகுள் எர்த் எஞ்சினில் (செயற்கைக்கோள் தரவுகளை ஆராயும் இணையத்தளம், வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசம்) சென்டினல்-5பி-யின் நைட்ரஜன் டை ஆக்சைடு தொகுப்பைத் திறந்து, அடிவளிமண்டலம் (troposphere) எனப்படும் கீழ்வளி அடுக்குக்கான அளவைத் தேர்ந்தெடுங்கள். கிழக்குத் தீர்க்கரேகை 82 முதல் 94 வரை, வட அட்சரேகை 4 முதல் 8 வரை ஒரு செவ்வகம் வரைந்து, ஜனவரி முதல் மார்ச் வரையான மூன்று மாதச் சராசரியை எடுங்கள். ஒரு நாள் படத்தை நம்பாதீர்கள். செயற்கைக்கோள் நம் பக்கம் வருவது மலேசிய நேரம் பிற்பகல் 3 மணியை ஒட்டி. மேகம் திரளும் வேளை. மேகத்துக்குக் கீழே உள்ள வாயு தெரியாது.

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: அந்தத் தொகுப்போடு தரப்படும் மாதிரி நிரலில் நிற அளவின் உச்சம் சதுர மீட்டருக்கு 0.0002 மோல். அது நகரங்களுக்குப் பொருந்தும். கடல் வெறுமையாகவே தெரியும். உச்சத்தை 0.00003 ஆகக் குறையுங்கள், கோடு எழும்பும். கோடு கப்பல் பாதையிலிருந்து சற்றுத் தள்ளியிருந்தால் பிழையென்று எண்ண வேண்டாம். வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே நகரும், தென்மேற்குப் பருவத்தில் வடக்கே நகரும். இந்த நகர்வை வைத்தே அந்த வாயுவின் ஆயுள் சில மணி நேரம்தான் என்று 2004-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மிக அழகான கணக்கு அது!

கேள்வி: 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறார்களே, மீறும் கப்பலைச் செயற்கைக்கோள் பிடிக்குமா?
— வாசகர், ஜெலுத்தோங்

பதில்: பிடிக்காது. முந்தைய வரம்பு 3.50 விழுக்காடு, அந்த அளவிலும் ஒரு தனிக் கப்பலின் கந்தக டை ஆக்சைடு விண்ணிலிருந்து பார்க்க மிகவும் மங்கல். தாழ்ந்த கடல்மேகங்களில் கப்பல்கள் தம் கந்தகப் புகையால் விட்டுச்செல்லும் வெள்ளைக் கோடுகள் 2020-க்குப் பிறகு வெகுவாகக் குறைந்தன. அது மொத்தப் போக்கைக் காட்டும், குற்றவாளியைக் காட்டாது. புகையிலிருந்து கந்தகத்தை அகற்றும் கந்தக நீக்கி பொருத்திய கப்பல், கந்தகம் மிகுந்த பழைய வகை எண்ணெயையே எரிக்க அனுமதியும் உண்டு. ஆகவே சோதனை கப்பலுக்குள்தான்: எண்ணெய் நிரப்பிய ரசீது 3 ஆண்டுகள் கப்பலில் இருக்க வேண்டும், முத்திரையிட்ட எண்ணெய் மாதிரிப் புட்டியைக் குறைந்தது 12 மாதம் பாதுகாக்க வேண்டும். துறைமுக ஆய்வாளர் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.