கொடைக்கானல் ஏரியை நடந்தே சுற்றலாமா?

கேள்வி: அறுபது தாண்டிய அம்மாவோடு கொடைக்கானல் போகிறோம். ஏரியை நடந்தே சுற்ற முடியுமா? பக்கத்து மலைகளிலும் ஏறலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: தாராளமாக. சுற்றுப்பாதை சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். அம்மாவின் நடைக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கிய ஏரி இது. நட்சத்திர வடிவம் என்பதால் பாதை உள்ளே மடங்கி, வெளியே வந்து, மறுபடி மடங்கும். ஒவ்வொரு வளைவிலும் ஏரி புதிதாகத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். ஆனால் வாடகை சைக்கிளும் குதிரையும் இறங்குவதற்கு முன், விடிந்ததுமே கிளம்பிவிடுங்கள். அப்போது தண்ணீர் மேல் பனி புகைபோல நகரும்.

அப்புறம் நேராக கோக்கர்ஸ் வாக், அதாவது மலை விளிம்பை ஒட்டிய நடைபாதை. மதியம் மேகம் ஏறிவிட்டால் பள்ளத்தாக்கு மறைந்துவிடும்.

பக்கத்து ஊரான வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் என்ற பாறை முனைக்குப் போகும் நடை மட்டும் அம்மாவுக்கு வேண்டாம். போகும்போது இறக்கம், மரவேர்களே படிக்கட்டு. மழை பெய்தால் வேர் வழுக்கும். திரும்பும்போது முழுக்க ஏற்றம். நீங்கள் போய் வாருங்கள், நல்ல பிடிப்புள்ள ஷூவோடு. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.