கெட்டுப்போன கல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை ஆய்வுக்காக ஆண்டசைட் எரிமலைப் பாறைகளைச் சேகரிக்கிறேன். மாற்றமடையாத பாறையை மட்டும் எடுக்கவேண்டும் என்று படித்ததால், வெளுத்து மென்மையாகிக் கெட்டுப்போன கற்களை அங்கேயே வீசிவிட்டேன். ஒன்றை மட்டும் பகுப்பாய்வுக்கு அனுப்பினேன். நல்ல பாறையில் சிலிக்கா 60 சதவீதம், இதில் 66. டைட்டானியம் ஆக்சைடு 0.8இலிருந்து 1.0 ஆகியிருக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து ஏறிவந்த வெந்நீர் சிலிக்காவைக் கொண்டுவந்து சேர்த்தது என்று எழுதலாமா? அடியில் தாமிரம் இருக்குமா? இத்துறையில் வேலை கிடைக்குமா?

கே

அன்புள்ள கே,

வேலையைப் பற்றி உங்கள் பேராசிரியரைக் கேளுங்கள். தாமிரமா? பெரும்பாலான இடங்களில் வெந்நீர் பாறையை மாற்றிவிட்டு, தாமிரம் எதையும் வைக்காமல் போய்விடுகிறது. இந்த ஒரு கல்லை வைத்துத் தாமிரத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஆனால் ‘கெட்டுப்போன’ என்ற சொல்லைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. மாணவனாக இருந்தபோது நானும் அப்படி ஒரு கல்லை உடைத்துப் பார்த்து வீசினேன். என் ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் நடந்துபோய் அதை எடுத்துவந்தார். உடைந்த முகத்தை நனைத்து, லென்ஸைக் கையில் கொடுத்தார். பாறையில் இருக்கும் ஃபெல்ஸ்பார் என்ற கடினமான கனிமப் படிகத்தின் நீள்சதுர விளிம்பு ஓர் இழைகூடப் பிசகாமல் இருந்தது. “நகத்தால் கீறு” என்றார். ஃபெல்ஸ்பாரை நகத்தால் கீற முடியாது. கீறல் விழுந்தது! உள்ளே இருந்தது பட்டுபோல மினுங்கும் செரிசைட் என்ற நுண்ணிய மைக்கா. படிகத்தின் வடிவத்தை அப்படியே விட்டுவிட்டு, அணு அணுவாக உள்ளே வேறொன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறது வெந்நீர். அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. மழையும் வெயிலும் மேலிருந்து அரிப்பது வேறு, ஆழத்திலிருந்து சூடாக ஏறிவரும் நீர் செய்வது வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

இப்போது உங்கள் சிலிக்கா. 60, 66 ஆனதால் சிலிக்கா சேர்ந்தது என்று எழுதப் பார்த்தீர்களே, முதுகலை மாணவர் செய்யக்கூடிய பிழையா இது? சதவீதம் என்பது பங்கு, எடை அல்ல. மற்றவை வெளியேறினால் நின்றதன் பங்கு தானாகக் கூடும். வெந்நீரில் கரைந்து நகராத ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கணக்குப் போடவேண்டும். டைட்டானியம் பெரும்பாலும் நகராது, சிர்கோனியமும் அப்படியே. 100 கிராம் பழைய பாறையில் இருந்த 0.8 கிராம் டைட்டானியம் ஆக்சைடு, இன்று கல்லில் 1 சதவீதமாக நிற்கிறது. அப்படியென்றால் அந்த 100 கிராம் இன்று 80 கிராம். 80இல் 66 சதவீதம் எவ்வளவு? 52.8 கிராம். முன்பு இருந்தது 60. சேரவில்லை, 7.2 கிராம் போய்விட்டது! நீங்கள் எழுதவிருந்ததற்கு நேர் எதிர். 1967இல் கிரெசன்ஸ் என்ற புவியியலாளர் இந்த மாதிரிக் கணக்கை விரிவாக எழுதிவைத்தார். அதைப் படிக்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். நீங்கள் ஒப்பிட்ட நல்ல பாறை அதே எரிமலைக் குழம்பிலிருந்து வந்ததுதானா? அதை நீங்கள் எழுதவில்லை. வேறு குழம்பு என்றால் என் கணக்கும் விழுந்துவிடும்.

வீசிய கற்களின் அருமைக்கு ஒரே ஒரு கதை சொல்கிறேன். அரிசோனாவின் சான் மானுவல் தாமிரச் சுரங்கத்தில் வெந்நீர் மாற்றிய பாறைகள் வளையம் வளையமாக இருந்தன. நடுவில் பொட்டாசியம் மிகுந்த பகுதி, அதைச் சுற்றி செரிசைட், அதற்கும் வெளியே குளோரைட், எபிடோட் என்ற பச்சைக் கனிமங்கள் சேர்ந்த பகுதி. ஆனால் வளையம் பாதிதான் இருந்தது. ஒரு பிளவு அதை வெட்டியிருந்தது. மறுபாதி எங்கே சரிந்து போயிருக்கும் என்று புவியியலாளர் டேவிட் லோவெல் கணித்தார். 1960களில் துளையிட்டபோது கலமசூ தாதுப்படிவு அங்கே புதைந்து கிடந்தது. அவரை அங்கே கூட்டிப்போனவை நீங்கள் வீசியதைப் போன்ற கற்கள்தான்.

எங்கே வீசினீர்கள் என்று குறிப்பேட்டில் இருக்கிறதா? இருந்தால் போய் எடுத்துவாருங்கள். ஒவ்வொன்றிலும் எடுத்த இடத்தை எழுதி ஒட்டுங்கள். அடுத்த பகுப்பாய்வில் சிர்கோனியத்தையும் கேளுங்கள். அட்டவணை வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.