கட்டணம் 27 ஆயிரம்தான், டெல்லிக்கு எவ்வளவு?

கேள்வி: வணக்கம் சார். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்குப் பார்க்கிறேன். சம்பளம் 42,000. மனைவி வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்து மாதம் 5,000 வரை சம்பாதிக்கிறார். மூத்த மகளுக்கு க்யூட் நுழைவுத் தேர்வு மூலம் டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. பொருளாதாரம் கிடைத்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 27,000. கல்லூரி விடுதியில் இடமில்லை. வெளியே பி.ஜி.யில் (பேயிங் கெஸ்ட் விடுதி) சாப்பாட்டோடு மாதம் 15,000 கேட்கிறார்கள். டெல்லி கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில், சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் 30,000 கட்டி இடம் பிடித்து வைத்திருக்கிறேன். அங்கே ஆண்டுக் கட்டணம் 2.4 லட்சம், விடுதி 1.3 லட்சம். கையில் இருப்பது: செல்வமகள் சேமிப்புக் கணக்கில் (2016-ல் தொடங்கியது, மாதம் 3,000) ஐந்தரை லட்சம், நகை 14 பவுன், 2 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. சீட்டு மாதம் 5,000. 40-ல் 14 மாதம் கட்டியாகிவிட்டது. இப்போது எடுத்தால் 1,55,000 கைக்கு வரும். வீட்டுச் செலவு, சீட்டு, செல்வமகள், பையனின் பள்ளிச் செலவு எல்லாம் போக மாதம் 12,000 மிஞ்சுகிறது. நகையை வைக்கவா, செல்வமகளை எடுக்கவா, சீட்டை எடுக்கவா, கல்விக் கடன் வாங்கவா? இல்லை, டெல்லியே வேண்டாமா?
- வாசகர், சிவகாசி

பதில்: முதலில் மகளுக்கு வாழ்த்துகள். டெல்லிக்கு அனுப்பலாம். ஆனால் "27 ஆயிரம்தானே" என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்று வருடக் கட்டணத்தைக் கூட்டினால் 81,000. மூன்று வருடம் டெல்லியில் ஒரு பெண் இருந்து படிக்க ஆகும் செலவில் இது பத்தில் ஒரு பங்குதான்.

கணக்கைப் போட்டுவிடுவோம். பி.ஜி. 11 மாதத்துக்கு 1,65,000. கரண்ட் பில் பெரும்பாலும் வாடகையில் சேராது. சப்-மீட்டர் வைத்துத் தனியாக வாங்குவார்கள். ஏ.சி. ஓடும் மாதங்களையும் ஓடாத மாதங்களையும் சேர்த்துச் சராசரியாக 1,000 வைத்தால் 11,000. மெட்ரோ, போன், சோப்பு, பி.ஜி.யில் சமையல் இல்லாத ஞாயிறு இரவுச் சாப்பாடு, மாதம் ஒருமுறை கரோல் பாக் போய் ஒரு தோசை எல்லாவற்றுக்கும் 3,500 வீதம் 38,500. (தோசையை வெட்டாதீர்கள். ராஜ்மாவும் ரொட்டியுமாக ஓடும் மாதத்தில் அது மருந்துச் செலவு மாதிரி.) புத்தகம், ஜெராக்ஸ் 4,000. இரண்டு முறை ஊருக்கு வந்துபோக 8,000. கல்லூரிக் கட்டணம் 27,000. ஆக வருடத்துக்கு 2,53,500.

முதல் வருடம் மட்டும் இதற்கு மேல் லேப்டாப் 45,000, பி.ஜி. முன்பணம் 15,000, குளிருக்கான ரஜாய் போர்வை, ஸ்வெட்டர், ஷூ எல்லாம் 6,000. அதாவது 66,000 கூடுதல். முதல் வருடம் 3,19,500. மூன்று வருடத்துக்கு 8,26,500. வாடகை ஏறும், எனவே மனதில் எட்டே முக்கால் லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் பல்கலைக்கழகத்தில் கட்டணமும் விடுதியும் மட்டுமே ஆண்டுக்கு 3.7 லட்சம். அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. உண்மையில் டெல்லியோடு போட்டி போட வேண்டியது சென்னை மாநிலக் கல்லூரி மாதிரியான அரசுக் கல்லூரிதான். ஆனால் க்யூட் முடிவு வருவதற்குள் நம் அரசுக் கல்லூரிச் சேர்க்கை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதனால்தான் உங்களைப் போல நிறைய பேர் பயத்துக்கு ஒரு விலை கொடுத்து இடம் பிடித்து வைக்கிறார்கள்.

அந்த 30,000 போனது போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். சேர்க்கையை ரத்து செய்கிறேன் என்று இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொல்வது கணக்கில் வராது. கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி வைத்திருக்கிறது. 2024-25-ல் செப்டம்பர் 30-க்குள் ரத்து செய்தால் முழுத்தொகை, அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 பிடித்தம் என்று அறிவித்தார்கள். உங்கள் மகளின் கல்வியாண்டுக்கான தேதிகளை யு.ஜி.சி. தளத்தில் பார்த்து, அந்த அறிவிப்பையும் மின்னஞ்சலோடு இணையுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு அனுமதி கிடையாது.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் 12,000 வருடத்துக்கு 1,44,000. முதல் வருடத்தில் துண்டு விழுவது 1,75,500, அடுத்த இரண்டு வருடங்களில் தலா 1,09,500. மொத்தம் 3,94,500. உங்கள் பிரச்சினை இந்த நான்கு லட்சம் மட்டும்தான்.

செல்வமகளை எடுக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்க நினைத்தாலும் பெரிதாக எடுக்க முடியாது. மகளுக்கு 18 வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ, முந்தைய நிதியாண்டு இறுதியில் இருந்த இருப்பில் பாதிவரை படிப்புக்கு எடுக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. அதற்கு அடுத்த வரியை யாரும் படிப்பதில்லை: கல்லூரி தரும் கட்டணச் சீட்டில் என்ன தொகை இருக்கிறதோ அதற்கு மேல் எடுக்க முடியாது. உங்கள் கட்டணச் சீட்டில் இருப்பது 27,000. பி.ஜி.க்காரர் எழுதிக் கொடுக்கும் துண்டுச்சீட்டைத் தபால் அலுவலகத்தில் ஏற்க மாட்டார்கள். 27,000-க்காக, வரியில்லாமல் 8.2 சதவீதம் தரும் கணக்கைத் தொட வேண்டாம்.

கல்விக் கடனிலும் இதே முடிச்சுதான். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம், நம் பங்காக முன்பணமும் வேண்டாம். உங்கள் தேவையும் 4 லட்சம், கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் புத்தகம், லேப்டாப் போன்றவற்றுக்கு மொத்தப் படிப்புக் கட்டணத்தில் 20 சதவீதம் வரைதான் என்று அதே திட்டம் சொல்கிறது. 81,000-ல் 20 சதவீதம் 16,200. கட்டணம் மலிவு என்பதாலேயே லேப்டாப்புக்குக் கடன் கிடைக்காது! லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் கல்லூரியில் சேர்ந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. எனக்கு இது எப்போதும் எரிச்சலூட்டும் விஷயம்.

வெளியே தங்கும் செலவுக்கு அந்தத் திட்டத்தில் இடம் உண்டு, 'நியாயமான அளவு' என்ற நிபந்தனையோடு. எது நியாயம் என்பதைக் கிளை மேலாளர்தான் முடிவு செய்வார். எனவே வங்கிக்குப் போகும்போது மூன்று தாள்கள் கையில் இருக்கட்டும்: கல்லூரி தரும் செலவு மதிப்பீட்டுச் சான்று, விடுதியில் இடம் இல்லை என்று கல்லூரி தரும் கடிதம், பி.ஜி.யோடு போட்ட ஒப்பந்தம். இரண்டாவது தாள் மிக முக்கியம். அதை வாங்காமல் போய்விட்டு, கடன் மறுத்துவிட்டார்கள் என்று வருபவர்கள்தான் அதிகம்.

பி.எம். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பியுங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் இது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை அடிப்படையில் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களின் பட்டியல் அதில் இருக்கிறது. மகளின் கல்லூரி அதில் வருகிறதா என்று பாருங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. உங்கள் வருமானம் 5.64 லட்சம், தகுதி இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான் மானியம், அதிலும் தொழில்நுட்பப் படிப்புக்காரர்களுக்கு முன்னுரிமை. பி.ஏ.வுக்குக் கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொண்டு, கிடைக்காது என்றே கணக்குப் போடுவோம்.

9.5 சதவீத வட்டியில் 3,94,500-ஐ வருடா வருடம் தேவைக்கு எடுத்து, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துக் கட்டத் தொடங்கினால் அப்போது நிலுவை சுமார் 5.1 லட்சம். ஏழு வருடத் தவணையில் மாதம் 8,400. மானியம் கிடைத்தால் 7,800 அளவில் நிற்கும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் பல வங்கிகள் ஒரு சதவீதம் குறைக்கின்றன. முதல் வருடம் அது மாதம் 1,400 ரூபாய்க்குள்தான், முடிந்தால் செய்யுங்கள். வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டே என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். அது பழைய வரி முறையில் மட்டும். உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது.

வங்கி கட்டணமும் 20 சதவீதமும் மட்டும் தருவேன் என்று நின்றால்? அதாவது வெறும் 97,200. அப்போதும் டெல்லி கைவிட்டுப் போகாது. செல்வமகள் கணக்கு உயிரோடிருக்க வருடத்துக்கு 250 ரூபாய் போதும். மாதம் 3,000 கட்டுவதை மூன்று வருடம் நிறுத்தினால் கிட்டத்தட்ட 1,08,000 மிஞ்சும். நான்கு லட்சத்தில் மீதித் தேவை 1.9 லட்சம். இங்கேதான் உங்கள் சீட்டு வருகிறது. இப்போது எடுத்தால் 45,000 கழிவு. கடைசிவரை பொறுத்தால், கமிஷன் 5 சதவீதம் போக 1.9 லட்சம் முழுசாகக் கைக்கு வரும், அதுவும் மூன்றாம் வருடத் தொடக்கத்தில். அதுவரை துண்டு விழுவது முதல் வருடம் 96,000, இரண்டாம் வருடம் 46,000 அளவில். அதற்கு மட்டும் பொதுத்துறை வங்கியில் நான்கு பவுனை வையுங்கள், அதுவே தாராளம். வட்டியை வருடா வருடம் கட்டிவிட்டு, சீட்டுப் பணம் வந்ததும் மீட்டுவிடுங்கள். சீட்டு முடிந்தபின் மாதம் 5,000 விடுபடும். அது வாடகை ஏற்றத்துக்கும் நகைக்கடன் வட்டிக்கும் ஆச்சு. ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: அது பதிவு செய்த சீட்டுதானே? தெருவில் நடத்தும் சீட்டு என்றால் கழிவு போனாலும் பரவாயில்லை, எடுத்துவிடுங்கள்.

டெல்லியில் 2022 முதல் நான்கு வருடப் பட்டப்படிப்பு. மூன்றாம் வருட முடிவில் பட்டத்தோடு வெளியே வரலாம். நான்காவது வருடத்துக்கு இன்றைக்கே பணம் தேட வேண்டாம். முதுகலையா வேலையா என்று மகளே அப்போது முடிவெடுக்கட்டும்.

பி.ஜி. பற்றி இரண்டு வார்த்தை. வடக்கு வளாகத்துக்குப் பக்கத்தில் விஜய் நகரில் என் அக்கா மகளைச் சேர்த்தோம். அறை, சாப்பாடு எல்லாம் பார்த்தோம், மீட்டரைப் பார்க்கவில்லை. முந்தைய ஆள் விட்டுப்போன யூனிட்டும் அவள் தலையில் விழுந்தது. காலி செய்தபோது, ஒரு மாதம் முன்பே சொல்லவில்லை, பதினைந்து நாள்தான் முன்பு சொன்னாய் என்று முன்பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தது, இந்தியில். எனவே சாவி வாங்கும் நாளில் மீட்டரையும் சுவரையும் போனில் படம் எடுங்கள். ஒரு யூனிட் எத்தனை ரூபாய், விடுமுறையில் முழு வாடகையா பாதியா, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஜி.எஸ்.டி. தனி என்றால் கொடுக்காதீர்கள். மாதம் 20,000-க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாள் தங்குவது என்றால் 2024 ஜூலை முதல் வரிவிலக்கு. வாடகையை நீங்களே உங்கள் கணக்கிலிருந்து அனுப்புங்கள், வங்கிக்குக் காட்டவும் அதுதான் ஆதாரம். 3,500-ஐ மட்டும் மகளின் கணக்கில் போடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை போடுவதைவிட வாரம் 800 வீதம் போடுவது முதல் செமஸ்டரில் நல்லது. மெட்ரோவில் மாணவர் பாஸ் கிடையாது, ஸ்மார்ட் கார்டில் 10 சதவீதம் குறையும். முடிந்தவரை நடந்து போகும் தூரத்திலேயே அறை பாருங்கள். வாடகை ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை.

ரயிலுக்கு இப்போது 60 நாள் முன்புதான் முன்பதிவு. விடுமுறைக்கு ஊர் வர மாணவர்களுக்கு ஸ்லீப்பரில் 50 சதவீதச் சலுகை இன்னும் இருக்கிறது, பட்டியல் இனத்தவருக்கு 75. கல்லூரி அலுவலகத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய படிவத்தோடு கவுன்ட்டருக்கே போக வேண்டும், ஆன்லைனில் கிடைக்காது. சேர்ந்த வாரமே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். தீபாவளி டிக்கெட் திறக்கும் நாளில் அலுவலகம் விடுமுறையாக இருக்கும்.