ஆப்டோமெட்ரி படிச்சா கண்ணாடிக் கடை வேலைதானா?

பொண்ணு பிளஸ் டூ பயாலஜி குரூப், எம்பிபிஎஸ் கிடைக்கிற மாதிரி தெரியல, ஆப்டோமெட்ரி, அதாவது கண்ணைச் சோதிச்சு பவர் பாக்கற படிப்புல சேக்கலாமா, இல்ல கடைசில கண்ணாடிக் கடையில நிக்க வேண்டியதுதானான்னு திண்டுக்கல்ல இருந்து ஒரு அப்பா கேட்டிருக்கார்.

கடையிலயும் வேலை இருக்கு சார், அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. ஆனா கண் ஆஸ்பத்திரியில டாக்டரப் பாக்கறதுக்கு முன்னாடி உக்கார வெச்சு எழுத்து படிக்கச் சொல்லி, பவர் பாத்து, கண் பிரஷர் பாத்து எழுதி அனுப்பறாங்களே, அதுவும் பெரும்பாலும் ஆப்டோமெட்ரி படிச்சவங்கதான். ஆபரேஷன் மட்டும் கிடையாது, அது கண் டாக்டர் வேலை. கான்டாக்ட் லென்ஸ், மாறுகண் பிள்ளைங்களுக்குப் பயிற்சி, கண்ணாடி போட்டும் பார்வை தேறாதவங்களுக்கு லோ விஷன் கருவின்னு தனி லைன்களும் இருக்கு.

மெஷின்லயே பவர் வந்துடுதே, இதுக்கு ஒரு படிப்பான்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. சின்னப் பிள்ளை மெஷினுக்குள்ள பாக்கறப்போ கிட்டத்துல பாக்கற மாதிரி ஃபோகஸ இறுக்கிடும், உடனே மெஷின் இல்லாத மைனஸக் காட்டும். அதான் அந்த இறுக்கம் தளர சொட்டு மருந்து விட்டு, ரெட்டினோஸ்கோப்னு கையில பிடிக்கற லைட்டுக் கருவிய எடுக்கறது. சுமார் 66 செ.மீ. தூரத்துல உக்காந்து ஒரு ஒளிக்கோட்ட கண்ணுக்குக் குறுக்க அசைச்சா, கண்மணிக்குள்ள தெரியற வெளிச்சம் கூடவே வருதா எதிர்ப்பக்கம் ஓடுதான்னு பாக்கணும், கூட வந்தா பிளஸ் லென்ஸ், எதிர்த்து ஓடினா மைனஸ், அசைவே தெரியாம கண்மணி முழுக்க வெளிச்சமாகற வரைக்கும் மாத்திட்டே போயி கடைசில உக்காந்த தூரத்துக்காக 1.5 பவர் கழிக்கணும். பிள்ளை ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

பெரியவங்ககிட்ட நேர் எதிர், பேச்சுலதான் பாதி வேலையே. நாப்பது தாண்டி வெள்ளெழுத்துன்னு வர்றவர் தையல் தைக்கறாரா, நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றாரான்னு கேக்காம எழுதின பவர் சரியா இருந்தாலும் கண்ணாடி டிராயர்லதான் கிடக்கும்.

பி.ஆப்டோம்ங்கற ஆப்டோமெட்ரி டிகிரி முடிக்க குறைஞ்சது நாலு வருஷம், இன்டர்ன்ஷிப்போட. 2 வருஷ டிப்ளமோவும் இருக்கு, ஆனா வசதி இருந்தா டிகிரியே போடுங்க, ஏன்னா டாக்டர், நர்ஸ் இல்லாத மத்த மருத்துவத் துறை ஆளுங்களுக்காக 2021ல வந்த அலைட் ஹெல்த்கேர் சட்டத்துல ஆப்டோமெட்ரிஸ்ட்டும் வர்றாங்க, போகப் போக டிகிரிக்குத்தான் மதிப்பு கூடும்னு என் கணிப்பு. தமிழ்நாட்டுல பாராமெடிக்கல் கவுன்சிலிங்ல பிளஸ் டூ மார்க் வெச்சு சீட் குடுத்துட்டு வந்திருக்காங்க, இருந்தாலும் சேர்ற வருஷத்து ப்ராஸ்பெக்டஸ ஒரு தடவ படிச்சுக்குங்க.

சம்பளம் ஆரம்பத்துல கம்மிதான், மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அமெரிக்கா போயிடலாம்னு யாராவது சொன்னா நம்பி இறங்காதீங்க, அங்க ஓ.டி.ங்கற டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி பட்டம் வாங்கி லைசென்ஸ் எடுக்காம பிராக்டீஸ் பண்ண முடியாது.

காலேஜ் விஷயத்துல நான் ஒண்ணுதான் பாப்பேன், கூட்டம் வர்ற கண் ஆஸ்பத்திரி அதோட சேந்து இருக்கா. சென்னையில சங்கர நேத்ராலயா 1985ல ஆரம்பிச்ச எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி காலேஜ் அப்படிப்பட்டது. பேஷன்ட் இல்லாத காலேஜ்ல பிளாஸ்டிக் கண்ண வெச்சு எத்தன மணிநேரம் பழகினாலும் அழுவுற பிள்ளைகிட்ட ரெட்டினோஸ்கோப் பிடிக்க வராது சார். சேக்கறதுக்கு முன்னாடி ஒரு காலையில பொண்ணையே கூட்டிட்டுப் போயி ஓபியில உக்காருங்க, மூணாம் வருஷப் பிள்ளைங்க தானே கேஸ் பாக்குதுங்களா, இல்ல சீனியர் பின்னாடி ஃபைலத் தூக்கிட்டு நிக்குதுங்களான்னு அரைமணி நேரத்துல தெரிஞ்சுடும்.