சிட்டி ஹாலில் மாறுவதா, ராஃபிள்ஸ் பிளேஸில் மாறுவதா? – எம்ஆர்டி கேள்வி பதில்

சிங்கப்பூருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த நாளிலிருந்து வேலைக்குப் போவது எம்ஆர்டியில், அதாவது இந்த ஊர் மெட்ரோ ரயிலில்; கிழக்கு மேற்காக ஓடும் பச்சை லைனிலும் வடக்கு தெற்காக ஓடும் சிவப்பு லைனிலும்தான். பாதாள ரயில் நிலையங்களைப் பற்றி என்னவெல்லாம் கேட்கலாமோ கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்வி. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பாசிர் ரிஸிலிருந்து ஆர்ச்சர்ட் போகிறேன். சிட்டி ஹாலில் இறங்கினால் மாடி மாற வேண்டியிருக்கிறது. ஆனால் திரும்பி வரும்போது என் தோழி வேறு இடத்தில் மாறச் சொல்கிறாள். எது சரி?

தோழி சொல்வதுதான் சரி. போகும்போதும் அங்கேயே மாறுங்கள்: ராஃபிள்ஸ் பிளேஸ்.

விஷயம் இதுதான். சிவப்பு, பச்சை இரண்டு லைனும் சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ் இரண்டு நிலையத்திலும் அடுத்தடுத்துச் சந்திக்கின்றன. ஒவ்வொரு நிலையத்திலும் மேலே ஒரு நடைமேடை, கீழே ஒரு நடைமேடை. ஒரே நடைமேடையின் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பச்சை. எந்தத் திசை எந்தத் திசையோடு ஜோடி சேர்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

சிட்டி ஹாலில் வடக்கே சுற்றி ஜூரோங் ஈஸ்ட் போகும் சிவப்பு ரயிலுக்கு எதிரில் நிற்பது கிழக்கே பாசிர் ரிஸ் போகும் பச்சை ரயில். தெற்கே போகும் சிவப்புக்கு எதிரில் மேற்கே போகும் பச்சை. ராஃபிள்ஸ் பிளேஸில் இந்த ஜோடி மாறிவிடுகிறது. அங்கே வடக்கு சிவப்பும் மேற்குப் பச்சையும் எதிரெதிர். தெற்கு சிவப்பும் கிழக்குப் பச்சையும் எதிரெதிர்.

நீங்கள் கிழக்கிலிருந்து வருகிறீர்கள், வடக்கே போக வேண்டும். சிட்டி ஹாலில் இறங்காமல் இன்னும் ஒரு நிலையம் உட்கார்ந்திருங்கள். ராஃபிள்ஸ் பிளேஸில் கதவு திறந்ததும் நேராக எதிர்ப்பக்கம் நடந்தால் போதும், சிவப்பு ரயில். அது உங்களை மறுபடி சிட்டி ஹால் வழியாகவே ஆர்ச்சர்டுக்குக் கொண்டுபோகும். வந்த வழியே திரும்புவது போலத் தோன்றும், ஆனால் எஸ்கலேட்டர் கூட்டத்தில் நிற்பதைவிட இது சுகம். மேற்கே ஜூரோங் பக்கமிருந்து பச்சையில் வந்து வடக்கே போகிறவர்களுக்கு மட்டும் சிட்டி ஹால்தான் வசதி.

அப்படி ஒரு நிலையம் தள்ளிப் போனால் காசு கூடுமா அண்ணா?

கூடாது தம்பி. எங்கே அட்டையைத் தட்டி உள்ளே போனீர்கள், எங்கே தட்டி வெளியே வந்தீர்கள் என்பதுதான் கணக்கு. நடுவில் எங்கே மாறினீர்கள் என்று கதவுக்குத் தெரியாது.

ஆனால் தெம்பனிஸ் மாதிரி இடத்தில் ஜாக்கிரதை. அங்கே பச்சை லைனிலிருந்து நீல லைனுக்கு மாற, தட்டி வெளியே வந்து மறுபடி தட்டித்தான் உள்ளே போக வேண்டும். 15 நிமிடத்துக்குள் போனால் ஒரே பயணமாகக் கணக்காகும். நடுவில் கடையில் தேநீர் வாங்க நின்றால் அந்தச் சலுகை போச்சு. இது நான் அனுபவப்பட்டுக் கற்றுக்கொண்டது.

ஏன் இரண்டு நிலையம்? ஒன்றிலேயே முடித்திருக்கலாமே?

ஒரே நிலையத்தில் இரண்டு ஜோடிதான் வைக்க முடியும். மிச்சத் திசைகளுக்குப் போகிறவர்கள் மாடி ஏறி இறங்கியே தீர வேண்டும். பக்கத்திலேயே இரண்டாவது நிலையம் கட்டி, அங்கே ஜோடியை மாற்றிப் போட்டால் எல்லாருக்கும் ஏதாவது ஓரிடத்தில் சமதளத்தில் மாற வழி கிடைக்கும். அதற்காக இரண்டு நிலையத்துக்கும் நடுவில், சிங்கப்பூர் ஆற்றுக்கு அடியில், சுரங்கங்கள் ஒன்றை ஒன்று தாண்டி இடம் மாறிக்கொள்கின்றன. வரைபடத்தில் இரண்டு நேர்கோடு. மண்ணுக்கு அடியில் பின்னல் ஜடை.

இன்னொன்று கவனியுங்கள். இந்த இரண்டு நிலையமும் 1987 டிசம்பர் 12 அன்று திறந்தன. அப்போது ஓடியது ஒரே ஒரு பாதை. பிரிந்து போகும் கிழக்குத் தடமும் மரினா பே தடமும் வந்தது 1989 நவம்பரில். கிட்டத்தட்ட இரண்டு வருடம் எதிர்ப்பக்கத்தில் மாறி ஏற வேறு லைனே இல்லை. பின்னால் வரப்போவதை நினைத்து முன்னாலேயே தோண்டி வைத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

டோபி காட்டில் மட்டும் ஏன் இவ்வளவு நடை?

அங்கே மூன்று லைன். சிவப்பு 1987, ஊதா 2003, வட்டப்பாதை 2010. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், ஏற்கெனவே இருந்ததற்குப் பக்கத்திலும் அடியிலும் இடம் தேடி வந்தது. கூட்டுக்குடும்ப வீட்டில் அறை சேர்த்துக்கொண்டே போவது போல. நடை இல்லாமல் எப்படி இருக்கும்?

பெயரைக் கேட்டீர்களா? அங்கே ஓடிய ஓர் ஓடையின் கரையில் துணி வெளுத்த இந்திய வண்ணார்களால் வந்த பெயர். ஓடை இன்று ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய். பெயரை மாற்றாமல் விட்டதில் எனக்குத் தனி சந்தோஷம்.

நடைமேடையில் கண்ணாடிக் கதவு வைத்தது யாரும் விழாமல் இருக்கவா?

அதுவும்தான். ஆனால் 1987-லேயே பாதாள நிலையங்களில் முழு உயரக் கதவு வைத்ததற்கு இன்னொரு பெரிய காரணம் குளிர்சாதனம். ரயில் சுரங்கத்துக்குள் வரும்போது முன்னால் இருக்கும் காற்றைப் பம்பு மாதிரி தள்ளிக்கொண்டு வரும். கதவு இல்லாவிட்டால் அந்தச் சூடான காற்று நேரே நடைமேடையில் வந்து விழும், குளிர்ந்த காற்று சுரங்கத்துக்குள் போய்விடும். தரைக்கு மேலே இருக்கிற நிலையங்களுக்கு பாதி உயரக் கதவு வந்தது 2009-லிருந்துதான்.

வாசலில் சில படி ஏறி அப்புறம் இறங்க வேண்டியிருக்கிறதே, யார் யோசனை இது?

மழையின் யோசனை. தெருவில் தண்ணீர் தேங்கினால் நேராக எஸ்கலேட்டரில் இறங்கிவிடக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் வாசல் மேடாக இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபர் 7 அன்று பீஷானுக்கும் பிராடலுக்கும் நடுவில் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து மறுநாள் பகல் வரை ரயில் ஓடவில்லை. அது நிலைய வாசல் வழியாக வந்த தண்ணீர் இல்லை. மழைநீர்த் தொட்டியிலிருந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டிய பம்புகள் வேலை செய்யவில்லை.

ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள். முட்டிவலி. எப்படிக் கூட்டிப்போவது?

லிஃப்ட் எல்லா நிலையத்திலும் உண்டு. ஆனால் எல்லா வாசலிலும் இருக்காது, முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நிற்கச் சொல்லுங்கள், வலப்பக்கம் ஓடுகிறவர்களுக்கு.

ராஃபிள்ஸ் பிளேஸில் மாறும்போது அவசரப்படுத்தாதீர்கள். கதவு திறந்ததும் இரண்டு பக்கக் கூட்டமும் நடைமேடையின் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். எதிர் ரயிலின் கதவு டிங் டிங் என்று அடித்தபடி மூக்குக்கு நேரே சாத்தும். போகட்டும் விடுங்கள். பெஞ்சில் உட்காரவையுங்கள், சில நிமிடத்தில் அடுத்தது வரும். அறிவிப்பு தமிழிலும் வரும். அதைக் கேட்டதும் அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நாற்றமடிக்கும் டுரியான் பழத்தை ரயிலில் எடுத்துப் போனால் எவ்வளவு அபராதம்?

ரயிலில் சாப்பிட்டால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), புகைத்தால் 1,000 என்று பலகையில் போட்டிருக்கிறது. டுரியான் படத்துக்குக் கீழே மட்டும் தொகையே இல்லை. அதற்காகக் கொண்டுபோய்விடாதீர்கள், பக்கத்தில் நான் நின்றாலும் நிற்பேன்.