வெளுத்த பவளம் செத்துவிட்டதா?

வணக்கம் ஐயா. மே மாதம் ராமேசுவரம் அருகே மண்டபத்தில் கண்ணாடிப் படகில் போனபோது பவளம் வெளுத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது செத்துவிட்டதா, ஆலைக் கழிவு காரணமா என்று உங்கள் நாகப்பட்டினம் மாணவர்கள் கேட்பது நியாயமே. மே என்பதால் கடல்நீரின் சூட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. நிறமும் பெரும்பகுதி உணவும் அவை தருபவை. சூடு நீடித்தால் பவளம் அவற்றை வெளியேற்றிவிடுகிறது. நிறமிழந்த திசுவின் வழியே சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. உயிர் இருக்கிறது, ஆனால் பட்டினி! விரைவில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆண்டுகளிலும் வெளுத்தது. எல்லாம் மீளவில்லை என்பது வேதனை.

அங்கே எடுத்த படங்கள் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். கூட்டின் மேல் இழைப்பாசி படர்ந்திருந்தால் அந்தப் பகுதி இறந்துவிட்டது. வேதாரண்யம், நாகைக் கரையில் பவளத் திட்டுகள் ஏன் இல்லை என்றால், காவிரி வண்டலின் கலங்கலில் பவளம் வளர்வது கடினம்.