கால்சியம் கொட்டியும் ஓடு மெலிவது ஏன்? கோழித் தீவனம் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "இன்னும் எதைச் சேர்க்கலாம்?" என்றே கேட்கின்றன. சேர்த்தது கோழியின் உடம்புக்குள் போய் என்ன ஆகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். முதல் கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் அதற்கு மட்டும் பதில் நீளம்.

முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புத்தூளை அதிகமாக்கிவிட்டேன். ஆனாலும் ஓடு மெலிசாகவே இருக்கிறது. வெயில் காலத்தில் ஓடே இல்லாத தோல்முட்டை வேறு. இன்னும் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம். கால்சியம் எவ்வளவு போகிறது என்பதைவிட, எந்த நேரத்தில் ரத்தத்துக்கு வந்து சேர்கிறது என்று பாருங்கள்.

ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் இருக்கிறது. கோழியின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடுவதோ சில பத்து மில்லிகிராம்தான். அதனால் ஓடு உருவாகும் சுமார் 20 மணி நேரமும் ரத்தத்துக்குக் கால்சியம் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஓட்டின் பெரும்பகுதி படிவது இரவில். அப்போது கோழி தின்பதில்லை. பகலில் தின்ற மாவு போன்ற தூளில் பெரும்பகுதி அதற்குள் குடலைக் கடந்திருக்கும். பற்றாக்குறையை எலும்பிலிருந்து எடுத்துச் சரிக்கட்டுகிறது கோழி. இதற்கென்றே முட்டையிடும் பருவத்தில் எலும்பின் உட்குழியில் ஒரு தனி எலும்புத் திசு வளர்கிறது. பெண் பறவைகளுக்கே உரிய ஏற்பாடு இது. 2005-இல் பறவைகளின் பழைய உறவான டைனோசர்களில் ஒன்றான டைரனோசரஸ் ரெக்ஸின் தொடை எலும்பிலும் இதே போன்ற திசு கிடைத்ததாக அறிவித்தார்கள். அவ்வளவு பழைய ஏற்பாடு! ஆனால் அந்த இருப்பை இரவுதோறும் சுரண்டினால் ஓடும் மெலியும், எலும்பும் முறியும்.

அதனால் தூளில் ஒரு பகுதியைக் குறைத்து, அதற்குப் பதிலாக 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள சுண்ணாம்புக்கல் குறுணையோ கிளிஞ்சலோ கொடுங்கள். தீவனத்தை அரைக்கும் தசைப்பையில் அவை தங்கி, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மொத்தக் கால்சியம் தீவனத்தில் 3.5 முதல் 4.5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். கிளிஞ்சலைத் தனித் தட்டில் வைத்தால், ஓடு கட்டப் போகும் கோழி சாயங்காலம் தானாகவே தேடி வந்து தின்னும்.

வெயில் கதை வேறு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அந்த இரைப்பில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். ஓடு என்பது கால்சியம் கார்பனேட் அல்லவா, அதன் கார்பனேட் பாதி அங்கேதான் தட்டுப்படுகிறது. வெப்பத்தில் வாடிய கோழிகளுக்குக் குடிக்கச் சோடாநீர் கொடுத்த ஆய்வில் ஓடு தேறியது. பண்ணையில் செய்யக்கூடியது குளிர்ந்த நீர், காற்றோட்டம், அதிகாலையிலும் சாயங்காலத்திலும் தீவனம். உப்பில் ஒரு பகுதிக்குச் சமையல் சோடாவை மாற்றுவதும் உண்டு. அதை மருத்துவரிடம் கேட்டு, அளவோடு செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓடு நெளிந்தும் சுருங்கியும் வந்தால் தீவனத்தை விட்டுவிட்டு நோயைத் தேடுங்கள். தொற்று மூச்சுக்குழல் அழற்சி முதல் சந்தேகம்.

குஞ்சிலிருந்தே முட்டைக்கோழித் தீவனம் கொடுத்தால் சீக்கிரம் முட்டைக்கு வருமா?

வராது, சிறுநீரகம்தான் கெடும். வளரும் கோழிக்கு 1 சதவீதத்தை ஒட்டிய கால்சியம் போதும். அதன் மூன்று நான்கு மடங்கை வாரக்கணக்கில் கொடுத்தால் சிறுநீரகம் பாழாகி, உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படியும். முதல் முட்டைக்கு ஏறக்குறைய 2 வாரம் முன்பிருந்து கால்சியத்தை ஏற்றத் தொடங்கினால் சரி.

கறிக்கோழிக்குப் புரதத்தைக் கூட்டினேன். எடை ஏறவில்லை, கூளம் மட்டும் நனைந்து நாறுகிறது. ஏன்?

கோழிக்குத் தேவை மொத்தப் புரதம் அல்ல, புரதத்தைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்கள், அதுவும் சரியான விகிதத்தில். வரிசை மாறாமல் பல நிற மணிகளைக் கோர்க்கும்போது ஒரு நிறம் தீர்ந்தால் வேலை நின்றுவிடும், மற்ற நிறங்கள் குவியலாகக் கிடந்தாலும். மக்காச்சோளமும் சோயா பிண்ணாக்கும் கலந்த தீவனத்தில் முதலில் தீர்வது மெத்தியோனின், அடுத்தது லைசின். இறகு வளரவும் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் நிறைய வேண்டும் என்பதால் மெத்தியோனின் தட்டுப்பாடு இறகிலும் தெரியும்.

கோர்க்க முடியாமல் மிஞ்சியதை உடம்பு சேர்த்து வைக்காது. நைட்ரஜனைக் கழற்றி யூரிக் அமிலமாக வெளியேற்றும். அதற்குச் சக்தி செலவு. ஒவ்வொரு யூரிக் அமில மூலக்கூறுக்கும் ஒரு கிளைசினும் செலவு. கோழி தண்ணீரும் அதிகம் குடிக்கும், கூளம் ஈரமாகும். ஈரக் கூளத்தில் நுண்ணுயிர்கள் யூரிக் அமிலத்தை அம்மோனியாவாக்கும். அந்த நெடி உங்களுக்கு மூக்கில் ஏறினால் கோழிக்கு அதைவிட மோசம், அதன் முகம் தரைக்கு அருகில் அல்லவா! கண் எரியும், பாதம் புண்ணாகும். புரதத்தைக் குறைத்து, குறைகிற மெத்தியோனினையும் லைசினையும் மட்டும் தனியாகச் சேருங்கள். குடிநீர்க் குழாய் ஒழுகுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கறிக்கோழி இவ்வளவு வேகமாக வளர்வது ஹார்மோன் ஊசியால்தானே?

இல்லை. இந்தச் சந்தேகத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1940-களிலும் 50-களிலும் அமெரிக்காவில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சேவல்களின் கழுத்துத் தோலுக்கடியில் வைத்தார்கள். கொழுப்பு ஏறுவதற்காகச் செய்தது அது. 1959-இல் நிறுத்தப்பட்டது.

இன்றைய வளர்ச்சிக்குப் பெரும் காரணம் இனத்தேர்வு. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த கோழி வகைகளை ஒரே தீவனத்தில் வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் சராசரி எடை முறையே 905, 1,808, 4,202 கிராம். தீவனம் ஒன்று, ஊசி எதுவும் இல்லை. மேலும், வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம்; தீவனத்தில் கலந்தால் செரித்துப் போகும்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக நகர எனக்கு மனம் வருவதில்லை. அந்த வேகத்துக்குக் கோழியின் காலும் இதயமும் ஈடுகொடுக்கத் திணறுகின்றன. இந்தக் கோழிகளை ஈனும் தாய்க்கோழிகள் கொழுத்துப் போகாமலிருக்க, வளரும் பருவத்தில் அரைப்பசியில் வைக்கப்படுகின்றன. கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடலாமா?

கூடாது. காயவைப்பது பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்தும். பூஞ்சை ஏற்கெனவே விட்டுவைத்த அஃப்ளாடாக்சின் என்ற நச்சு அப்படியே இருக்கும், சமையல் சூட்டுக்கும் பெரிதாக அசையாது. 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. விசாரித்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. அஃப்ளாடாக்சின் உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். வாத்துக்குஞ்சும் வான்கோழியும் கோழியைவிடச் சீக்கிரம் மடிந்துவிடும். கோழி தாங்குவதுபோல் தெரியும், ஆனால் ஈரல் கெட்டு, எதிர்ப்புச் சக்தி குறைந்து, போட்ட தடுப்பூசியும் சரியாக வேலை செய்யாது. பெண்டோனைட் களிமண் இந்த நச்சை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மற்ற பூஞ்சை நச்சுகள் பலவற்றிடம் அது அவ்வளவு எடுபடாது. கெட்டதை நல்லதோடு கலந்து தீர்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

நான் மாணவி. மனிதர்களின் ஊட்டச்சத்துப் பாடத்தில் கோழி ஏன் இத்தனை முறை வருகிறது?

குஞ்சு மிக வேகமாக வளர்வதால் ஒரு சத்துக் குறைந்தால் சீக்கிரமே உடம்பில் காட்டிவிடும். 1890-களில் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள், மனிதர்களின் பெரிபெரி நோயில் போலவே, கால் தளர்ந்து விழுவதை டச்சு மருத்துவர் எய்க்மான் கவனித்தார். தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் தேறின. அவர் முதலில் அரிசியில் ஏதோ நச்சு இருப்பதாக நினைத்தார்; சத்துக் குறைவு என்ற விளக்கம் 1901-இல், அவர் ஆய்வைத் தொடர்ந்த கிரெயின்ஸிடமிருந்து வந்தது. தயமின் (வைட்டமின் பி1) இல்லாததே காரணம் என்பது பின்னால் தெளிந்தது. அப்புறம் டென்மார்க் விஞ்ஞானி ஹென்ரிக் டாம்: கொழுப்பு நீக்கிய தீவனம் தின்ற குஞ்சுகளுக்கு ரத்தம் கசிந்ததைத் தொடர்ந்து போய் வைட்டமின் கே-யைக் கண்டார். எய்க்மானுக்கு 1929-இலும் டாமுக்கு 1943-க்கான நோபலும் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் கோழி உதவாது. வைட்டமின் சி-யை அதுவே தயாரித்துக்கொள்ளும் என்பதால் ஸ்கர்வி ஆய்வுக்குக் கினிப்பன்றிதான் தேவைப்பட்டது.

மஞ்சள் கரு வெளிறி இருக்கிறது. சத்துக் குறைவா? மிளகாய்த்தூள் கலந்தால் நிறம் வரும் என்கிறார்கள், காரத்தைக் கோழி தாங்குமா?

நிறத்தை வைத்துப் புரதத்தை அளக்க முடியாது. லூட்டின், சியாசாந்தின் போன்ற நிறமிகளைக் கோழியால் தயாரிக்க முடியாது, தின்பதிலிருந்துதான் வரவேண்டும். மக்காச்சோளத்தைக் குறைத்துக் குருணை அரிசியைக் கூட்டியிருந்தால் கரு வெளிறுவது இயல்பு. தீவனம் மாறாமலே நிறம் இறங்கினால் மட்டும் குடற்புழுவும் ரத்தக்கழிச்சலும் இருக்கிறதா என்று பாருங்கள்; குடல் புண்ணானால் நிறமி ஏறாது.

காரம் கோழிக்கு உறைக்காது. நம் வாயில் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை உணரும் ஏற்பி பறவைகளில் சற்று மாறுபட்டிருப்பதால் அதற்கு அசைவதே இல்லை. சிவப்பு மிளகாயின் நிறமி கருவை ஆரஞ்சாக்கும் என்பதும் உண்மைதான். தூளைக் கலக்கும்போது உங்கள் மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள்.